வீட்டு ஜிம்முக்கு மர ரேக்: 300 கிலோ தாங்கும்படி நீங்களே செய்யலாம்

டம்பெல் அடுக்கிய மர அலமாரி சரியும்போது பெரும்பாலும் மரம் முறிவதில்லை. மரத்தைப் பிடித்திருந்த ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருகிறது, அல்லது அதன் தலை அறுந்துபோகிறது. புத்தக அலமாரி செய்யும் முறையிலேயே டம்பெல் ரேக்கையும் செய்வதால் வரும் வினை இது. புத்தகத்தை ஒரு முறை வைத்தால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். டம்பெல்லை நாள்தோறும், களைத்துப்போன கையோடு, பல சமயம் சற்று உயரத்திலிருந்தே போடுகிறோம்.

ஆகவே இங்கே சொல்லப்போகும் ரேக் ஒரே விதியின் மேல் நிற்கிறது: மரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும். எடை தட்டிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து குறுக்குக் கட்டைக்கும், அங்கிருந்து காலுக்கும் தரைக்கும் இறங்க வேண்டும். ஸ்க்ரூவின் வேலை, உட்கார்ந்த மரம் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும். எந்த இடத்திலாவது எடை முழுவதும் ஸ்க்ரூவில் தொங்குகிறது என்றால், அந்த இடத்தை மாற்றி யோசியுங்கள்.

ரம்பம் பிடித்து நேராக அறுக்கவும், டிரில்லால் செங்குத்தாகத் துளையிடவும் ஓரளவு தெரிந்தால் போதும். இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள்.

முதலில் எடையைக் கூட்டுங்கள்

மரம் வாங்குவதற்கு முன் தராசுக் கணக்கு. இங்கே எடுத்துக்கொண்ட தொகுப்பு இது: 5, 7.5, 10, 12.5 கிலோ டம்பெல் ஜோடிகள் மேல்தட்டில், மொத்தம் 70 கிலோ. 15, 17.5, 20 கிலோ ஜோடிகள் நடுத்தட்டில், 105 கிலோ. கீழே 20 கிலோ ரப்பர் பிளேட் 4, 10 கிலோ பிளேட் 2, ஆக 100 கிலோ. 8, 12, 16 கிலோ கெட்டில்பெல்கள் 36 கிலோ. எல்லாம் சேர்ந்து 311 கிலோ. ரேக்கின் சொந்த எடை சுமார் 40 கிலோ.

கனமானதை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 20 கிலோ டம்பெல்லைத் தரைமட்டத்திலிருந்து குனிந்து எடுப்பதைவிட இடுப்புயரத்திலிருந்து எடுப்பது முதுகுக்கு நல்லது. ரேக் கவிழாமல் இருக்கக் கீழே கனம் வேண்டும் என்ற தேவையைப் பிளேட்டுகள் ஓரளவு தீர்த்துவைக்கும். ஓரளவு என்று சொல்வதற்கான காரணம் சுவரில் பொருத்தும் பகுதியில் வரும்.

பிறகு அளவு நாடாவை எடுத்து டம்பெல் தலைகளின் அகலத்தை அளங்கள். அறுகோணத் தலை கொண்ட 20 கிலோ டம்பெல்லின் தலை ஏறக்குறைய 150 மி.மீ. அகலம், 5 கிலோவுக்கு 90 மி.மீ. வரை இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும், அதனால் உங்களிடம் இருப்பதையே அளக்க வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் 25 மி.மீ. இடைவெளி சேர்த்துக் கூட்டுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு டம்பெல்களுக்கு நடுவே விரல் நசுங்கும். மேலே சொன்ன தொகுப்பில் மேல்தட்டுக்கு 1070 மி.மீ., நடுத்தட்டுக்கு 1000 மி.மீ. வருகிறது. இந்த ரேக்கின் உள் அகலம் 1120 மி.மீ. ஆகவே போதும். உங்கள் கூட்டுத்தொகை 1120-ஐத் தாண்டினால் ரேக்கை நீட்டாதீர்கள், இன்னொரு ரேக் செய்யுங்கள். ஏன் என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

தட்டு ஏன் தொய்கிறது

இரண்டு முனையில் தாங்கிய பலகை நடுவில் தொய்யும் அளவு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதே எடையை இரண்டு மடங்கு நீளமான பலகையில் பரப்பி வைத்தால் தொய்வு 8 மடங்கு. தடிமனும் அப்படியே, ஆனால் நமக்குச் சாதகமாக: தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பலகையின் அகலத்தைக் கூட்டுகிறார்கள். அகலத்தை இரட்டித்தால் தொய்வு பாதிதான் குறையும்.

நம் நடுத்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டை 1040 மி.மீ. இடைவெளியில் வெறுமனே வைத்து 105 கிலோ ஏற்றினால் நடுவில் சுமார் 10 மி.மீ. தொய்யும். அது முதல் நாள் கணக்கு. மரம் எடையைச் சுமந்துகொண்டே இருந்தால் காலப்போக்கில் மேலும் வளையும், தொய்வு இரட்டிப்பாகவும் ஆகலாம். அதே பிளைவுட்டுக்கு அடியில் 40 × 90 மி.மீ. சட்டம் இரண்டை நிமிர்த்தி வைத்தால், அதாவது 90 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், தொய்வு அரை மி.மீ.க்கும் கீழே போய்விடும். அதே சட்டத்தைப் படுக்கவைத்தால் 5 மடங்கு கூடுதலாக வளையும். மரம் அதேதான், வைக்கும் விதம்தான் வித்தியாசம்.

மரத்தூள் பலகையும் எம்.டி.எஃப். பலகையும் இந்த வேலைக்கு வேண்டாம். இரண்டுமே பிளைவுட்டைவிட மிக எளிதில் தொய்யும், விளிம்பில் ஏற்றிய ஸ்க்ரூ நிற்காது, வியர்வையோ தண்ணீரோ பட்டால் உப்பிவிடும்.

மரம் தேர்ந்தெடுப்பது

40 × 90 மி.மீ. சட்டம், 2.4 மீட்டர் நீளத்தில் 7 துண்டு வேண்டும். ஊசியிலை மரமே இந்த எடைக்குப் போதும், கடினமரம் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்குக் கிடைக்கும் சட்டம் 38 × 89 அல்லது 45 × 95 என்று இருந்தாலும் செய்யலாம். ஆனால் கீழே உள்ள அளவுகளில் எங்கெல்லாம் தடிமன் கணக்கில் வருகிறதோ அங்கெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். குறிப்பாக நெடுக்குச் சட்டத்தின், அதாவது இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஓடித் தட்டைத் தாங்கும் சட்டத்தின், நீளம் என்பது 1200 கழித்தல் இரண்டு கால்களின் தடிமன்.

ஒவ்வொரு துண்டையும் கண்ணருகே தூக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விளிம்போடு பார்வையை ஓட்டுங்கள். லேசாக வில்போல் வளைந்த சட்டத்தை ஏற்கலாம். அதை நெடுக்குச் சட்டமாகப் பயன்படுத்தி, வளைவின் முதுகு மேலே இருக்கும்படி வைத்தால் எடை ஏறியதும் சமமாகும். முறுக்கிக்கொண்ட சட்டத்தை எடுக்கவே வேண்டாம். எந்தப் பக்கம் வைத்தாலும் ரேக்கின் ஒரு கால் தரையை விட்டுத் தூக்கி நிற்கும். சட்டத்தின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்களின் நடுப்புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டு உலரும்போது வெடிக்கும். பெரிய கணு உள்ள பகுதியைக் கால்களுக்குக் கொடுத்துவிடலாம். நெடுக்குச் சட்டத்தின் கீழ்விளிம்பில், நடுப்பகுதியில் கணு வரவே கூடாது. இழுவிசை அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது, முறிவும் அங்கேதான் தொடங்கும்.

வாங்கி வந்த மரத்தை ரேக் நிற்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவையுங்கள். துண்டுகளுக்கு நடுவே சிறு குச்சிகள் வைத்து, எல்லாப் பக்கமும் காற்று படும்படி அடுக்க வேண்டும். ஈரமானி இருந்தால் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். ஈர மரத்தில் முடுக்கிய போல்ட் இரண்டே மாதத்தில் தளர்ந்துவிடும். போல்ட் அப்படியே இருக்க, மரம் சுருங்கிவிடுகிறது.

தேவையான பொருட்கள்

18 மி.மீ. பிளைவுட் முழுத்தாள் ஒன்று, 1220 × 2440 மி.மீ.
10 மி.மீ. குறுக்களவும் 100 மி.மீ. நீளமும் உள்ள போல்ட் 24, நட் 24, அகன்ற வாஷர் 48
6 × 120 மி.மீ. மர ஸ்க்ரூ 24
5 × 60 மி.மீ. மர ஸ்க்ரூ 20
4 × 40 மி.மீ. மர ஸ்க்ரூ 100
20 மி.மீ. தடிமனுள்ள கடினமர உருளை, மொத்தம் 3 மீட்டர்
உறுதியான இரும்பு எல்-கிளாம்ப் 2, சுவருக்கு
10 மி.மீ. தடிமனான ரப்பர் துண்டுகள், காலுக்கு அடியில்
மரப்பசை, உப்புத்தாள், பாலியூரித்தேன் வார்னிஷ்

ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூவை எடுத்துவிடாதீர்கள். அது கூர்மையாக, சுலபமாக இறங்கும். ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும் உலோகம் அது, பக்கவாட்டு விசை வந்தால் தலை தெறித்துவிடும்.

கருவி என்று பார்த்தால் ரம்பம் அல்லது வட்ட ரம்பம், டிரில், 4, 6, 10 மி.மீ. பிட்கள், 20 மி.மீ. மரத்துளை பிட், மூலைமட்டம், ரசமட்டம், நான்கு கிளாம்ப், 17 மி.மீ. ஸ்பானர் இரண்டு. கண்ணாடியும் தூசிக்கான முகமூடியும் முதல் வெட்டிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டும் அளவுகள்

சட்டத்திலிருந்து: கால் 1150 மி.மீ. 4, நெடுக்குச் சட்டம் 1120 மி.மீ. 6, சாய்ந்த குறுக்குக் கட்டைக்கு 530 மி.மீ. 4, தட்டையான குறுக்குக் கட்டைக்கு 480 மி.மீ. 2. இரண்டு துண்டில் நான்கு கால், மூன்று துண்டில் ஆறு நெடுக்குச் சட்டம், ஒரு துண்டில் நான்கு சாய்வுக் கட்டை, கடைசித் துண்டில் இரண்டு தட்டைக் கட்டை. மிஞ்சும் துண்டை எறியாதீர்கள், அச்சு வைத்து வரைய வேண்டிவரும்.

பிளைவுட்டிலிருந்து: தாளின் முழு நீளத்துக்கு 440 மி.மீ. அகலப் பட்டை ஒன்று அறுத்து, அதில் 1116 மி.மீ. நீளமாக இரண்டு தட்டு. அடுத்து 500 மி.மீ. அகலப் பட்டையில் 1200 மி.மீ. முதுகுப்பலகையும், கெட்டில்பெல்லுக்கு 400 × 380 மி.மீ. பலகையும். மிஞ்சிய பட்டையில் 80 × 1116 மி.மீ. முன்தடுப்பு இரண்டு. தட்டு 1120 ஆக இல்லாமல் 1116 ஆக இருப்பதற்குக் காரணம், மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் உப்பினாலும் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

ரம்பமும் 3 மி.மீ. வரை தின்னும். எல்லா அளவையும் முதலிலேயே கோடுபோட்டுவிட்டு வரிசையாக அறுத்தால் கடைசித் துண்டு குறைந்துவிடும். ஒன்றை அறுத்த பிறகு அடுத்ததை அளங்கள். ஒரே நீளம் வேண்டிய துண்டுகளை நாடாவால் தனித்தனியே அளப்பதைவிட, முதல் துண்டையே அளவுகோலாக மற்றதன் மேல் வைத்துக் கோடு போடுவது நல்லது. நாடாவில் ஒரு மி.மீ. தவறுவது சகஜம். ரேக் ஆடுவதற்கு அந்த ஒரு மி.மீ. போதும்.

பக்கச் சட்டகம்: வேலையின் உயிர்நாடி

இந்த ரேக்கில் இரண்டு பக்கச் சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கால், மூன்று குறுக்குக் கட்டை. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை ஒரே பிற்பகலில் முடிந்துவிடும்.

சமமான தரையில் இரண்டு கால்களைப் படுக்கவையுங்கள். 90 மி.மீ. அகலமான முகம் மேலே பார்க்கட்டும். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 480 மி.மீ. அப்போது உள்ளே 300 மி.மீ. இடைவெளி இருக்கும். கால்களின் அடிமுனைகளை ஒரு நேர்க்கட்டையில் முட்டவைத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் இரண்டும் 1246 மி.மீ. அளவில் ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் தட்டிச் சரிசெய்யுங்கள்.

அடிக்கட்டை, 480 மி.மீ. நீளமானது, கால்களின் அடிமுனையோடு சமமாக, குறுக்காகப் படுக்கட்டும். அது நேரே தரையில் உட்காரும், ஆகவே பிளேட்டுகளின் எடை போல்ட்டைத் தொடாமலே தரைக்குப் போகும்.

அடுத்தது சாய்வுக் கட்டைகள். 15 டிகிரிச் சாய்வு வேண்டும், ஆனால் கோணமானி வேண்டாம். முன்காலின் வெளி விளிம்பில், அடியிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. பின்காலின் வெளி விளிம்பில் 779 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்துக் கோடு கிழித்தால் அதுவே 15 டிகிரி. கட்டையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். மேல்தட்டுக்கு இதே புள்ளிகள் 1000 மி.மீ., 1129 மி.மீ. உயரத்தில். கட்டையை வைத்து, காலைத் தாண்டி வெளியே நீட்டும் பகுதியைக் காலின் விளிம்போடு கோடுபோட்டு அறுத்துவிடுங்கள். மூலை தானாகவே சரியான கோணத்தில் வந்துவிடும்.

ஏன் 15 டிகிரி? இதைவிடக் குறைந்தால் மேல்தட்டில் பின்னால் போய்விட்ட டம்பெல் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. 20 டிகிரிக்கு மேல் போனால் டம்பெல் முன்தடுப்பை அதிகமாக உந்தத் தொடங்கும்.

இப்போது துளை. ஒவ்வொரு கட்டையும் காலைச் சந்திக்கும் இடத்தில் இரண்டு போல்ட், மூலைவாட்டில். இரண்டையும் ஒரே நாரோட்டத்தில் வரிசையாக வைத்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். எந்த விளிம்பிலிருந்தும் துளையின் மையம் 30 மி.மீ. உள்ளே இருக்கட்டும். காலையும் கட்டையையும் கிளாம்பால் இறுக்கி, இரண்டையும் சேர்த்தே 10 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். தனித்தனியே துளையிட்டால் பொருந்தாது. பொருத்துவதற்காகத் துளையைப் பெரிதாக்க, அந்தத் தளர்வு ரேக்கின் ஆட்டமாக மாறும். பிட் மறுபக்கம் வெளிவரும் இடத்தில் ஒரு கழிவு மரத்தை அணைத்துப் பிடித்தால் மரம் சிலும்பாது.

போல்ட் தலை வெளியே, நட் உள்ளே, இரண்டு பக்கமும் வாஷர். வாஷர் மரத்தில் லேசாகப் பதியும்வரை முடுக்குங்கள், முழுதாகப் புதையும்வரை வேண்டாம். இந்த இணைப்பில் பசை போடாதீர்கள். வீடு மாறும்போது கழற்றலாம், மரம் சுருங்கினால் மறுபடி முடுக்கலாம்.

இரண்டாவது சட்டகத்தைச் செய்யும்போதுதான் அனேகமாக எல்லோரும் தவறுகிறார்கள். இரண்டும் ஒரே அச்சு அல்ல. வலது கையும் இடது கையும் போன்றவை. கட்டைகள் இரண்டிலும் உள்பக்கம் பார்க்க வேண்டும், சாய்வு இரண்டிலும் முன்னோக்கி இறங்க வேண்டும். முடித்த சட்டகத்தைக் கட்டைகள் மேலே தெரியும்படி படுக்கவைத்து, அதன் பக்கத்தில் பின்கால்கள் ஒன்றையொன்று தொடும்படி இரண்டாவதை அடுக்கிப் பாருங்கள். நடுவில் கண்ணாடி வைத்ததுபோலத் தெரிந்தால் சரி. துளையிடுவதற்கு முன் பென்சிலால் 'முன்', 'பின்', 'உள்' என்று ஒவ்வொரு காலிலும் எழுதிவிடுங்கள்.

நெடுக்குச் சட்டங்களுக்கு இடம் குறிப்பது

சட்டகம் இன்னும் படுத்திருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். நிமிர்த்திய பிறகு செய்தால் கை எட்டாது, கோடும் நேராக வராது.

மிஞ்சிய சட்டத்துண்டின் குறுக்குவெட்டு முனையைக் காலின் உள்முகத்தில், குறுக்குக் கட்டையின் மேல்விளிம்பை ஒட்டி நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரையுங்கள். அடிக்கட்டையில் இரண்டு சட்டங்களின் உள்முகமும் கால்களின் உள்விளிம்போடு ஒட்டி நிற்கும், அப்போது சட்டங்களுக்கு நடுவே சரியாக 300 மி.மீ. சாய்வுக் கட்டைகளில் முன்சட்டத்தின் முன்முகம் கட்டையின் முன்முனையிலிருந்து, மேல்விளிம்போடு அளந்து, 40 மி.மீ. உள்ளே. அங்கிருந்து பின்சட்டத்தின் பின்முகம் வரை 440 மி.மீ., அதாவது தட்டின் அகலம்.

வரைந்த ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், அதன் நடுக்கோட்டில், 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு 6 மி.மீ. துளைகளை உள்ளிருந்து வெளியே போடுங்கள். பின்னர் வெளியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றும்போது அது சட்டத்தின் நடுவில்தான் இறங்கும், தேட வேண்டியதில்லை.

பிளேட்டுக்கான மர உருளைகளின் துளையையும் இப்போதே முடியுங்கள். அடித்தட்டின் இரண்டு நெடுக்குச் சட்டங்களையும் ஒட்டிக் கிளாம்ப் போட்டு, இரண்டிலும் ஒரே கோட்டில் குறியுங்கள். ஒரு பிளேட்டின் தடிமன், அதோடு 10 மி.மீ., அதுவே இரண்டு உருளைகளுக்கு நடுவே விட வேண்டிய வெற்றிடம். மையத்திலிருந்து மையம் அளப்பதென்றால் இன்னும் 20 மி.மீ. சேருங்கள். 6 பிளேட்டுக்கு ஒவ்வொரு சட்டத்திலும் 7 துளை, 20 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம். பிட்டில் 50 மி.மீ. உயரத்தில் ஒரு நாடாத்துண்டை ஒட்டிக்கொண்டால் ஆழம் தவறாது. துளைக்கு இரு பக்கமும் 10 மி.மீ. மரம்தான் மிஞ்சும், ஆகவே பிட் சாயாமல் செங்குத்தாக இறங்க வேண்டும். பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

நிமிர்த்திச் சேர்ப்பது

ஒருவர் பிடிக்க, ஒருவர் முடுக்க, இரண்டு பேர் வேண்டும். இரண்டு சட்டகங்களையும் நிமிர்த்தி, முதலில் அடித்தட்டின் சட்டங்களைக் கட்டைகளின் மேல் உட்காரவையுங்கள். சட்டம் கட்டையில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால்கூட எடை ஸ்க்ரூவுக்குப் போய்விடும். அப்படி இருந்தால் இழைப்புளியால் ஒரு சீவல் எடுங்கள்.

காலின் துளை வழியாக 4 மி.மீ. பிட்டைச் சட்டத்தின் முனைக்குள் 80 மி.மீ. ஆழம் செலுத்தி முன்துளை போட்ட பிறகு 6 × 120 ஸ்க்ரூவை ஏற்றுங்கள். முனையில் நார்கள் ஸ்க்ரூவோடு ஒரே திசையில் ஓடுவதால் பிடிப்பு குறைவு, முன்துளை இல்லாவிட்டால் பிளக்கவும் செய்யும். எடையைக் கட்டை தாங்குவதால் இந்தப் பிடிப்பே நமக்குப் போதும். ஸ்க்ரூ நூலில் கொஞ்சம் மெழுகு தடவினால் எளிதாக இறங்கும்.

கீழே, மேலே, நடுவே என்ற வரிசையில் ஆறு சட்டங்களையும் ஏற்றுங்கள். எல்லா ஸ்க்ரூவும் முக்கால் பங்கு இறங்கியதும் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, முன்பக்க மூலைவிட்டங்களை அளந்து சமமாக்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும்.

இனி தட்டு. பிளைவுட்டைச் சட்டங்களின் மேல் வைத்து, 150 மி.மீ.க்கு ஒன்றாக 4 × 40 ஸ்க்ரூ, தலை பலகைக்குள் சற்றே அமிழும்படி. தலை வெளியே நீட்டினால் டம்பெல்லின் ரப்பரைக் கிழிக்கும். 80 மி.மீ. முன்தடுப்பைத் தட்டின் மேல்மட்டத்துக்கு மேலே 30 மி.மீ. நிற்கும்படி முன்சட்டத்தின் முகத்தில் பசை தடவி ஒட்டி, ஸ்க்ரூ போடுங்கள். அந்த ஸ்க்ரூக்கள் தடுப்பின் கீழ்ப்பகுதியில், சட்டத்துக்குள் இறங்க வேண்டும். நடுவில் உள்ள பிளைவுட் விளிம்புக்குள் ஏற்றினால் அடுக்குகள் பிரிந்து, சில வாரங்களில் தடுப்பு கையோடு வந்துவிடும்.

மர உருளைகளை 200 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, மேல்முனையை உருட்டித் தேய்த்து, பசையோடு துளையில் இறக்குங்கள். 150 மி.மீ. வெளியே நிற்கும். துளைக்குள் பசை சேர்ந்துவிட்டால் உருளை அடிவரை இறங்காது, சுத்தியலால் ஓங்கினால் சட்டம் வெடிக்கும். உருளையின் பக்கத்தில் நெடுக்காக ஒரு சிறு கீறல் போட்டால் மிகுதிப் பசை அதன் வழியே வெளியேறும்.

450 மி.மீ. விட்டமுள்ள பிளேட் இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே 57 மி.மீ. இறங்கி உட்காரும். அந்த இறக்கம்தான் அது உருண்டு வெளியே வராமல் காக்கிறது. எடுக்கும்போது அதே அளவு தூக்க வேண்டும் என்பதால்தான் நடுத்தட்டை அந்த உயரத்தில் வைத்தோம். விட்டம் 300 மி.மீ.க்குக் குறைந்த சிறு பிளேட்டுகள் நடுவே விழுந்துவிடும். அவற்றைக் கெட்டில்பெல் பலகையில் படுக்க அடுக்குங்கள். அந்தப் பலகையை வலது முனையில், சட்டங்களின் மேல் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் அடித்தட்டு முடிந்தது. சட்டங்களின் மேல், உள் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள், பிளேட் உரசும் இடம் அது.

முதுகுப்பலகையும் சுவரும்

இப்போது ரேக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சாய்சதுரமாகச் சாயப் பார்க்கும். நான்கு மூலையும் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் செவ்வகத்துக்கு இந்தக் குணம் உண்டு. அதைப் போக்குவது முதுகுப்பலகை. 1200 × 500 பிளைவுட்டைப் பின்கால்களின் முதுகில், தரையிலிருந்து 110 மி.மீ. உயரத்தில் தொடங்கி, ஒவ்வொரு காலிலும் 7 ஸ்க்ரூ, 5 × 60, என்று பொருத்துங்கள். மறுபடி தள்ளினால் வித்தியாசம் உடனே கைக்குத் தெரியும். பிளேட் பின்னால் நழுவிச் சுவரில் முட்டாமலும் இதே பலகை காக்கும்.

அடுத்ததை யாரும் தவிர்க்க வேண்டாம். பிளேட்டுகள் கீழே இருப்பதால் ரேக் கவிழாது என்று தோன்றும். ஆனால் பயிற்சி செய்யும் நேரத்தில் பிளேட்டுகள் பார்பெல்லில் இருக்கும், கனமான டம்பெல்கள் தரையில் கிடக்கும், மேல்தட்டில் மட்டும் 70 கிலோ முன்தடுப்பை ஒட்டி நிற்கும். அந்த நிலையில் மேல்தட்டின் விளிம்பைப் பிடித்து 20 கிலோ அளவுக்கு இழுத்தாலே ரேக் முன்னால் சாய்ந்துவிடும். ஒரு குழந்தை தொங்கினால் போதும். ஆகவே பின்கால்களின் மேல்முனையில் எல்-கிளாம்ப் இரண்டைப் பொருத்திச் சுவரோடு பிணையுங்கள். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் 10 மி.மீ. ஆங்கர் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்), பூச்சைத் தாண்டிச் சுவருக்குள் குறைந்தது 60 மி.மீ. இறங்க வேண்டும். உள்ளே வெற்றிடமான பலகைச் சுவர் என்றால் உள்ளிருக்கும் மரச்சட்டத்தில் மட்டுமே பொருத்துங்கள். வெறும் பலகையில் பொருத்துவது பொருத்தாததற்குச் சமம்.

தரையையும் யோசிக்க வேண்டும். 350 கிலோவும் ஏறக்குறைய 0.58 சதுர மீட்டரில் நிற்கிறது, சதுர மீட்டருக்கு 600 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சராசரிச் சுமைக்கு வடிவமைக்கிறார்கள். தரைத்தளத்தில் கவலையில்லை. மாடியென்றால் அறையின் நடுவே வைக்காமல், எடை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். மரத்தளமாக இருந்தால் அடியில் ஓடும் உத்திரங்களுக்குக் குறுக்காக ரேக் நிற்கட்டும், அப்போதுதான் எடை பல உத்திரங்களில் பகிரும். கட்டடம் பழையதென்றால் பொறியாளரிடம் காட்டிவிட்டே ஏற்றுங்கள்.

பூச்சு

80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாள், தூசி துடைப்பு, பாலியூரித்தேன் மூன்று கைப்பூச்சு. கால்களின் அடிமுனையைச் சேர்ப்பதற்கு முன்பே பூசிவிடுங்கள், தரை துடைக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். பூச்சு தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் ரப்பர் டம்பெல்லை உடனே வைக்காதீர்கள். ஒரு வாரமாவது இறுகட்டும், இல்லையென்றால் ரப்பர் ஒட்டிக்கொண்டு பூச்சையும் உரித்துவரும். வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. காயும்போது அது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

எடை ஏற்றுவது

காலுக்கும் அதை ஒட்டிய அடிக்கட்டைக்கும் சேர்த்து அடியில் ரப்பர் துண்டுகளை வைத்து, ரேக் நான்கு காலிலும் அழுந்தி நிற்கிறதா பாருங்கள். ஒரு கால் தூக்கினால் அந்தக் காலுக்கு மட்டும் தடிமனான ரப்பர். போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யப் பார்த்தால் மற்ற மூலைகள் கெடும்.

நடுத்தட்டின் முன்சட்டத்துக்கு அடியில், முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். சட்டத்துக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறித்துவைத்து, கீழ்த்தட்டிலிருந்து மேலாக எடை ஏற்றுங்கள். பாதி ஏற்றியதும் ஒரு முறை, முழுதும் ஏற்றியதும் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை அளங்கள். 2 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் சட்டம் கட்டையில் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்தச் சட்டத்தில் கணு இருக்கிறது. எடையை இறக்கிவிட்டுப் பாருங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் 24 போல்ட்டையும் ஸ்பானர் வைத்து மறுபடி முடுக்குங்கள். அனேகமாக ஒவ்வொன்றும் கால் சுற்று போகும். பருவம் மாறும்போது இன்னொரு முறை. கிரீச்சென்று சத்தம் கேட்டால் அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கைவைத்துக் கண்டுபிடியுங்கள். சத்தம் வரும் இணைப்பில் மரம் மரத்தோடு உரசுகிறது என்று பொருள், அந்த மூலையின் போல்ட்தான் முதலில் தளர்ந்திருக்கும்.